தூக்கம் வரும் வீடுகள்

தொழிற்சாலைகள் காற்றில் விடும் கரியமில வாயுவைக் கணக்குப் பார்ப்பது என் வேலை. இதைச் சொன்னால் புகைபோக்கியின் உச்சிக்கு ஏறி நின்று அளப்பேன் என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நான் எங்கும் ஏறுவதில்லை. உள்ளே வந்த நிலக்கரியில் எவ்வளவு கரி இருந்தது, வெளியே போன பொருளில் எவ்வளவு கரி இருந்தது என்று பார்ப்போம். நடுவில் குறைந்த கரியெல்லாம் எரிந்து காற்றோடு போயிருக்கிறது என்று பொருள்.

இரும்பு, சிமெண்ட், காகிதம் போல எரிபொருளை அள்ளித் தின்னும் தொழில்களுக்கு இப்போது வரம்பு வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு டன் பொருள் செய்ய இவ்வளவு வாயுதான் விடலாம். மீறினால், குறைவாக விட்ட இன்னொரு ஆலையிடம் சான்று வாங்கி ஈடுகட்ட வேண்டும். அதனால் எங்களைப் போன்றவர்கள் ஆலை ஆலையாகப் போய், அவர்கள் சொல்லும் கணக்கு சரிதானா என்று பார்த்துவிட்டு வருகிறோம். நான் இருப்பது கடம்பத்தூரில். அந்த மார்கழியில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலைக்கு என்னை அனுப்பினார்கள். விடியும் முன் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டேஷனில் ஆலையின் கார் நின்றது. பனி மிகவும் கெட்டியாக இருந்தது. தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. புகைபோக்கிகளின் அடிப்பகுதி எதுவும் தெரியவில்லை. பனிக்கு மேலே தலைகள் மட்டும் தனியாக நின்று புகை விட்டுக்கொண்டிருந்தன.

அந்த ஆலையின் எனர்ஜி மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். பள்ளிப்பட்டுக்காரர். ஓய்வு பெறுவதற்கு அதிக காலம் இல்லாதவர். தமிழுக்குள் தெலுங்கு தானாக வந்து விழும். எல்லா ஆலையிலும் நான் முதலில் கேட்பது எல்லையைத்தான். எங்கிருந்து எதுவரை இந்த ஆலை என்பது தெரியாமல் எதையும் கூட்டவோ கழிக்கவோ முடியாது. அதனால் இருவரும் மதிற்சுவரை ஒட்டி நடந்தோம்.

பின்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கேட் இருந்தது. அதைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தபோதுதான் அந்த இடத்தைக் கண்டேன்.

சுற்றிலும் வெள்ளையாக இருந்தது. கருவேல மரங்கள்கூட மங்கலாகத்தான் தெரிந்தன. ஆனால் சுவரிலிருந்து கொஞ்ச தூரத்தில், செம்மண் போட்டு மேடாக்கிய ஒரு பரப்பின் மேல் மட்டும் பனி இல்லை. யாரோ கையால் விலக்கிவிட்டதுபோல் அந்த இடம் துல்லியமாகத் தெரிந்தது. இந்தப் பக்கத்துப் புல்லெல்லாம் நனைந்து சாய்ந்திருக்க, அங்கே இருந்த புல் காய்ந்து நிமிர்ந்து நின்றது. அந்த மேட்டின் ஓரத்தில் வரிசையாகச் சில ஓட்டு வீடுகள். மேட்டின் நடுவில் நாய்கள் சுருண்டு படுத்திருந்தன.

"நாய்ங்களுக்கு நல்ல எடம் கெடச்சிருக்கு பாருங்க மேடம்" என்றார் மேனேஜர். கையைத் தட்டினார். ஒன்றிரண்டு நாய்கள் மெதுவாக எழுந்தன. எழுந்தவை ஓடவில்லை. கால் பின்னப் பின்னப் பக்கவாட்டில் நடந்து போய் மறுபடியும் படுத்துக்கொண்டன. ஒரு செம்பழுப்பு நாய் எழுந்திருக்கவேயில்லை. கிட்டே போய்ப் பார்த்தோம். காயம் எதுவும் இல்லை. மூக்கைக் காலுக்குள் வைத்துக்கொண்டு, தூங்குகிற நாய் எப்படிப் படுத்திருக்குமோ அப்படியே செத்திருந்தது.

"ரோட்ல அடிபட்டு வந்து படுத்துகிச்சோ இன்னாவோ" என்றார். ஆனால் அவரும் அதை நம்பிச் சொன்னதுபோல் இல்லை. அந்த மேட்டில் ஒரு காக்கைகூட இறங்கவில்லை என்பதை நான் கவனித்தேன். உள்ளே திரும்பி வந்தோம்.

அன்று காலை முழுக்க அவருடைய அறையில் கணக்குதான். இந்த ஆலையில் இரும்புத் தாதையும் நிலக்கரியையும் ஒன்றாகக் கலந்து, நீளமான உருளை உலையில் சுழற்றிச் சுழற்றி இரும்பாக்குகிறார்கள். இரும்போடு சேர்ந்து, முழுக்க எரியாத கரித்தூளும் வெளியே வரும். அதைச் 'சார்' என்பார்கள். கறுப்பாக, கையில் எடுத்தால் லேசாக இருக்கும். அந்தச் சாரில் இருக்கும் கரி எரியாத கரி. காற்றுக்குப் போகவில்லை. ஆகவே அதை ஆலையின் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இந்த ஆலை கழித்திருந்தது. அப்படிக் கழித்ததால்தான் அவர்கள் வரம்புக்குள் இருந்தார்கள்.

"இந்தச் சார் எங்க சார் போவுது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எப்படி ஒலித்தது என்பது தெரிந்தது. அவர் லேசாகச் சிரித்தார்.

"ஒரு காண்ட்ராக்டர் எடுத்துக்கினு போறாரு மேடம். பள்ளத்த ரொப்பறதுக்கு."

"எந்தப் பள்ளம்?"

"பின்னாடிதான். செங்கல் சூளைக்கு மண்ணு எடுத்த பள்ளம் ஒண்ணு இருந்துச்சி. இப்ப ரொம்பிப் போச்சு. மேல செம்மண்ணு போட்டு மனை போட்டுட்டாங்க."

காலையில் நாங்கள் நின்ற அந்த மேட்டை என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் கேண்டீனில் எனக்குச் சாப்பாடு போட்ட பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. அவர்கள் வீட்டில் அம்மா காலம்வரை நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார்களாம். இப்போது அவள் இங்கே, புருஷன் பக்கத்துக் கம்பி ஆலையில் லோடு ஏற்றுகிறான். சாம்பார் ஊற்றும்போது, பின்பக்கம் ஒரு நாய் செத்துக் கிடக்கிறது என்று சொன்னேன்.

"செவலையா மேடம்?" கரண்டியை அப்படியே நிறுத்தினாள். "அது எங்க தெரு நாய்தான். போன வாரமும் ஒண்ணு போச்சு. எவனோ வெசம் வெக்கிறான்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லிக்கினு இருந்தாரு."

"நீங்க அங்கயா இருக்கீங்க, அக்கா?"

"ஆமா மேடம். அந்த லைன்ல நாலாவது ஊடு. இந்த நைட்டெல்லாம் குளுருது குளுருதுன்னு எல்லாரும் பேஜாரு பண்றாங்க. எங்களுக்குக் கம்பளியே தேவையில்ல. தரை கதகதன்னு இருக்கும். மாவு கரைச்சு வெச்சா விடியறதுக்குள்ள பொங்கி வழிஞ்சுடும்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "படுத்தா அப்டி ஒரு தூக்கம் வரும்."

கரி குவியலாகக் கிடந்தால் தானாகவே உள்ளுக்குள் சூடேறும் என்பது நான் படித்ததுதான். சில குவியல்கள் வெளியே புகைகூட விடாமல் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அந்தச் சார் எரியாமல் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறவள் நான். அது எரிகிறதா என்று பார்க்காமல் எப்படிப் போடுவது? உங்கள் வீட்டைப் பார்க்க வரலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"வாங்களேன். சாப்பாட்டு டூட்டி முடிஞ்சதும் போவேன். டீ குடிச்சிட்டு வரலாம்."

பின் கேட்டில் வாட்ச்மேன் எங்களை வெளியே விட்டார். உலைப் பக்கம் போகிற எல்லோரும் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்க வேண்டும்; நானும் மாட்டியிருந்தேன். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து மணமோ நிறமோ இல்லாத ஒரு நஞ்சு வரும். கார்பன் மோனாக்ஸைடு. அது இருந்தால் அந்தப் பெட்டி கத்தும். வெளியே வந்ததும் நான் வழக்கம்போல் அதை அணைத்தேன். ஆலைக்கு வெளியே யாரும் அதைப் போட்டுக்கொள்வதில்லை.

பனி எப்போதோ விலகி, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தத் தெரு விடியாத தெரு போலிருந்தது. ரேடியோ இல்லை, டி.வி. இல்லை. பாத்திரம் விளக்கும் சத்தம்கூட இல்லை. ஜன்னல்களையெல்லாம் கோணியும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அடைத்திருந்தார்கள். ஆலைத் தூசி வருகிறது, கொசு வருகிறது என்றாள். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண் எங்களைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, நாங்கள் கடந்து போனதை அவள் கண் பின்தொடரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன். சிமெண்ட் தரை சூடாக இருந்தது. வெயிலில் காய்ந்த சூடு அல்ல. காய்ச்சல்காரரின் முதுகைத் தொட்டதுபோல், உள்ளேயிருந்து வருகிற சூடு. உட்கார்ந்தபோது அது தொடை வழியாக மேலே ஏறியது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சுகமாக இருந்தது. அதிகாலையிலிருந்து ரயிலிலும் குளிரிலும் வந்த உடம்பு.

சுவரோரம் அவள் புருஷன் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நைட் ஷிப்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல மேடம். இன்னிக்கு முடியலன்னு லீவு போட்டுட்டாரு. ரெண்டு மாசமாவே இப்டித்தான். தலைவலி, அசதி. படுத்தா எழுந்திரிக்கறதில்ல. எம் பொண்ணு கிளாஸ்ல தூங்குதுன்னு டீச்சர் கூப்ட்டு சொல்றாங்க. ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போனா மட்டும் எல்லாருக்கும் தலைவலி நின்னுடுது. ஜெபத்தோட மகிமைன்னு அத்தை சொல்லுவாங்க."

அவள் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீத்தண்ணியை ஏற்றினாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டேயிருந்தாள். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"இந்த லைன்ல இருக்கறவங்களுக்கு ஒரு பாக்கியம் மேடம். பக்கத்து ஊட்டுத் தாத்தா போன மார்கழில போனாரு. தூக்கத்துலயே. காலைல டீ எடுத்துக்கினு போய் எழுப்புறாங்க, உசுரு இல்ல. ஒரு முனகல் இல்ல, இழுத்துக்கினு கெடக்கல. இன்னா ஒரு சாவு. பாக்க வந்தவங்கெல்லாம் அதத்தான் சொன்னாங்க. மொகத்துல களையே போகல. ஒதடு ரோசாப்பூ மாதிரி செவந்து இருந்துச்சி. புண்ணியவான்னு ஃபாதரே சொன்னாரு."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மூடியபடியே இருக்கலாம் என்றிருந்தது. அப்போது அவள் சொன்ன அந்த வார்த்தை எங்கோ போய் மெதுவாக முட்டியது. சிவந்த உதடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாதுகாப்பு வகுப்பில் சொல்லியிருந்தார்கள்: கார்பன் மோனாக்ஸைடில் செத்தவர்கள் செத்தவர்கள் போல் இருக்கமாட்டார்கள். ரத்தம் ஏறிய முகத்தோடு, உதடு சிவந்து, தூங்குகிறவர்கள் போல் இருப்பார்கள்.

இடுப்புக்குக் கையைக் கொண்டுபோக வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். பெட்டி விழித்து, ஒரு முறை சிணுங்கி, தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டது. பிறகு எண் வந்தது. ஏறியது. நிற்கவில்லை. அப்புறம் அது கத்த ஆரம்பித்தது.

உலைக்குப் பக்கத்தில்கூட அது அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அந்தச் சின்ன அறைக்குள் காது கிழிந்தது. அவள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இன்னா மேடம், போன் அடிக்குதா?"

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலைமாட்டுக்கு ஒரு முழ தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் அசையவில்லை. இமைகூட அசையவில்லை. இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்பது அந்த முகம்தான். அவ்வளவு அமைதியாக இருந்தது.

"அடுப்ப அணைங்க. கதவத் தொறங்க. இவரப் புடிங்க அக்கா" என்றேன். என் குரல் குழறியது. பாயோடு சேர்த்து இருவரும் இழுத்தோம். வாசற்படியில் எனக்கு முழங்கால் மடங்கிவிட்டது. எழுந்து மறுபடியும் இழுத்தேன். தெருவைத் தாண்டி, மேட்டிலிருந்து இறங்கி, புங்க மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டோம். அவள் அவன் கன்னத்தில் அறைந்துகொண்டே, "யோவ், யோவ்" என்று கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு பெருமூச்சு விட்டான். கண்ணைத் திறந்து, எங்களைப் பார்த்து, ஏதோ கோபமாகச் சொல்ல வந்து வாந்தியெடுத்தான். அந்த வாந்தியைப் பார்த்து அவள் அழுதாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவரும் வாட்ச்மேனும் ஆலையின் ஆம்புலன்ஸ் டிரைவரும் ஓடிவந்தார்கள். ஆலையின் முகமூடிகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். பட்டப்பகலில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுந்து வந்தவர்கள் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏன் எழுப்பினீர்கள் என்பதுபோல் நின்றார்கள். யாரும் பயப்படவில்லை. பயப்படும் அளவுக்கு அவர்களுக்கு இன்னும் விழிப்பு வரவில்லை. கடைசி வீட்டில் உள்ளே தாழ் போட்டிருந்தது. மேனேஜர் தோளால் இடித்து உடைத்தார். அந்த வயதில் அவருக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே இருந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. நாங்கள் வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மாமியார் அவர்.

கேண்டீன் பெண்ணின் புருஷனையும் அந்த அம்மாளையும் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். மற்றவர்கள் அன்று மாலை கோயில் மண்டபத்திலும் சர்ச் ஹாலிலுமாகத் தங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைக் கேண்டீன் பெண் சாலையிலேயே மறித்து நிறுத்தி, வீட்டுப் பக்கம் போகவிடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மேனேஜரின் அறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஷேவ் செய்யவில்லை.

"நீங்க கழிச்சத நான் ஒத்துக்க முடியாது சார்" என்றேன். "எரியாத கரின்னுதான கழிச்சிருக்கீங்க? அது எரிஞ்சிகினு இருக்குது."

"கேட்டு தாண்டிப் போனது எங்க கணக்குல வராது மேடம். நான் சொல்லல, ரூல் சொல்லுது."

"அப்போ கழிக்கணும்னும் கேட்கக் கூடாது. கேட்டா, அது எங்க இருக்குது, எப்டி இருக்குதுன்னு பாக்கறதும் என் வேலதான்."

அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "எல்லாத்துக்கும் டப்பு கணக்கு பாத்தாங்க மேடம்" என்றார். "லாரி கூலி மிச்சம்னு எங்க ஆளுங்க பாத்தாங்க. பள்ளம் ரொம்பினா மனைன்னு அந்தக் காண்ட்ராக்டரு பாத்தான். நானும் அங்கதான் நின்னுகினு இருந்தேன்." பிறகு, "நீங்க எழுதறத எழுதுங்க. நான் மறுத்து எழுத மாட்டேன்" என்றார்.

சுவருக்கு வெளியே நமக்கு என்ன வேலை என்று எங்கள் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். மேனேஜரிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னேன். கொஞ்ச நாள் இழுபறியாக இருந்தது. அந்த இழுபறிக்கு நடுவில்தான் நிலத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். அதிகாரிகள், தீயணைப்பு வண்டி, போலீஸ் எல்லாம் வந்திருந்தது. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஜே.சி.பி. முதல் வாளி செம்மண்ணை அள்ளியது. அதன் கீழே கறுப்பு. அடுத்த வாளியும் கறுப்பு. அதற்குப் பிறகு நிறம் வெளுத்துச் சாம்பலானது. இன்னும் ஒரு வாளி போனதும் பள்ளத்தின் அடியில், அந்தப் பகல் வெயிலிலும், ஒரு சிவப்பு தெரிந்தது. சத்தமில்லாமல் இருந்தது. காற்று உள்ளே போனதும் அது மெல்ல மஞ்சளாக மாறி, நீலமாக ஒரு ஜுவாலை எழுந்து பள்ளத்தின் விளிம்பை நக்கியது. டிரைவர் வண்டியை அப்படியே விட்டுக் குதித்து ஓடினார். தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்தார்கள். அப்போது எங்களுக்குப் பக்கத்தில் இல்லாத இடங்களிலிருந்தெல்லாம் ஆவி வந்தது. வீட்டுச் சுவர்களின் அடியிலிருந்து. அடிபம்பைச் சுற்றி. தூரத்தில் ஒரு வேலிக்கு அப்பால். எவ்வளவு தூரம் அது கீழே பரவியிருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

செத்துப்போன பெரியவரின் வீட்டுத் தரையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார்கள். பானையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. கீழே இருந்த கரி எரிந்து எரிந்து சாம்பலாகி அமுங்கி, தரைக்குக் கீழே வெறும் குழி. அந்தத் தரையின் மேல்தான் அவருடைய கட்டில் போட்டிருந்தது.

அவருடைய மனைவி அங்கே கூட்டத்தில் நின்றிருந்தாள். என்னை யாரோ காட்டியிருக்க வேண்டும். நேராக என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, நீதான் மீட்டரு வெச்சிருந்த பொண்ணா?"

"ஆமாம்மா."

"அவரு தூக்கத்துலதான போனாரு?"

"ஆமாம்மா."

"வலி இருந்திருக்குமா?"

"இருந்திருக்காது" என்றேன். தெரிந்த அளவில் அது உண்மைதான்.

"அப்ப நல்ல சாவுதான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தியபடியே, "ஆனா அது அவரு சாவு இல்லியேம்மா" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாருக்காகக் கழித்தது கடைசியில் ஒத்துக்கொள்ளப்படவில்லை. ஆலை வரம்பைத் தாண்டியதாகக் கணக்கு வந்தது. சான்று வாங்கி ஈடுகட்டினார்கள். இப்போது அந்தச் சாரை மூடிய லாரிகளில் ஒரு சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே சூளையில் போட்டு முழுக்க எரிக்கிறார்கள். எரிந்தது எரிந்ததாகவே கணக்கில் வருகிறது. காண்ட்ராக்டர் மேல் வழக்கு நடக்கிறது. தெருக்காரர்களுக்கு எளாவூர் பக்கம் வீடு கொடுத்தார்கள். செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகளின் இரைச்சல் விடிய விடியக் கேட்கிறது, தண்ணீர் சரியாக வருவதில்லை என்று கேண்டீன் பெண் குறை சொல்வாள். அவளுடைய மகள் அரைப் பரீட்சையில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அதை என்னிடம் சொல்லவே அம்மாக்காரி ஒருமுறை போன் செய்தாள்.

மேனேஜர் ஓய்வு பெற்றுப் பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டார். போன ஆண்டு கோடை முடியும் நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நலம் விசாரித்தார். மாங்காய் இந்த முறை காய்ப்பே இல்லை என்றார்.

"மேடம், அந்தப் பள்ளம் ரொம்பறதுக்கு முன்னாடி லாரிங்க வேற எடத்துக்கும் போச்சு. ஆரம்பத்துல. அந்த எடம் எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தா சோறு எறங்கல. வர்றீங்களா, போய்ப் பாக்கலாம்?"

போனோம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அகலமான, நல்ல மேடான நிலம். மனைக் கற்கள் நட்டு, கயிற்றில் கலர் காகிதக் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஒரே ஒரு மனையில் வேலை நடந்துகொண்டிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் கொத்தனாருக்கு ஜல்லி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் மனைக்காரர். லாரி ஓட்டுகிறவர்.

"வாங்க சார். மனை பாக்க வந்தீங்களா? நல்ல எடம். எம்மாம் மழ பெஞ்சாலும் தண்ணி நிக்காது."

மேனேஜர்தான் சொன்னார். கீழே என்ன இருக்கிறது, எப்போது கொட்டினார்கள், யார் கொட்டியது என்று எதையும் விடாமல் சொன்னார். அந்த மனிதர் ஹாலோ பிளாக் அடுக்கின் மேல் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து, கொத்தனாரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, பூஜையறை வரவேண்டிய மூலையில் தானே வெட்ட ஆரம்பித்தார். முழங்கால் ஆழம்வரை செம்மண். அதற்குக் கீழே மண்வெட்டியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

குனிந்து ஒரு பிடி எடுத்தார். கையில் வைத்து நசுக்கினார். முகர்ந்து பார்த்தார்.

"சில்லுனு இருக்குது" என்றார்.

"இப்ப சில்லுனுதான் இருக்கும்" என்றார் மேனேஜர்.

"இது எப்ப பத்திக்கும் சார்?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்கே இருக்கலாம், பத்து வருஷம் கழித்தும் இருக்கலாம், பற்றாமலேயும் போகலாம். அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். கையிலிருந்ததைக் குழிக்குள் போட்டுவிட்டு, கொத்தனாரைப் பார்த்து, "கலவ போடாத நைனா, நிறுத்து" என்றார்.

நாங்கள் அந்த இடத்தைப் பற்றி அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வீடு அஸ்திவாரத்தோடு நிற்கிறது. மற்ற மனைகளில் யாரும் இன்னும் கட்டவில்லை. கொடிகள் மட்டும் வெளுத்துப்போய் ஆடிக்கொண்டிருக்கின்றன.